நாகம்மாள் கேட்ட பங்கு: குடும்பக் காணி நாவல்களும் ஊவாவின் வயலும்

ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942 இல் வெளிவந்தது. தமிழில் வட்டார நாவல் என்று பேச்சு எடுத்தால் அதிலிருந்துதான் தொடங்குவார்கள். கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்று. அண்ணன் இறந்துபோக, அவனுடைய மனைவி நாகம்மாளும் சிறு மகளும் தம்பி சின்னப்பனின் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரே அடுப்பு, ஒரே காணி. ஒருநாள் நாகம்மாள் பங்கு கேட்கிறாள். கேட்ட பங்கு கொலையில் முடிகிறது.

பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த காலத்தில் இந்த நாவலைப் பற்றி நிறையப் பேசினோம். பேச்சுமொழி, மண்வாசனை, பாத்திரப் படைப்பு என்று குறிப்புகள் எழுதினோம். "பங்கு" என்ற சொல்லை யாரும் நிறுத்திப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. நாகம்மாள் அடங்காத பெண், மணியக்காரரும் கெட்டியப்பனும் அவளைத் தூண்டிவிட்டார்கள், அதனால் ஒரு நல்ல குடும்பம் சிதைந்தது. அப்படித்தான் எழுதினோம், அப்படித்தான் புள்ளியும் கிடைத்தது. இப்போது வெலிமடையில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியையாக, இருபது வருடத்துக்கு மேல் கழித்து, அதே நாவலைப் பென்சிலும் கையுமாக மறுபடி வாசித்தேன். இம்முறை கணக்குப் பார்த்துக்கொண்டு வாசித்தேன்.

தலைமுறைகளுக்கு ஊடாக ஒரு சிறு குடும்பக் காணியின் கதையைச் சொல்லும் தமிழ் நாவல்களில் ஒரு பழக்கம் இருக்கிறது. காணி ஒன்றாக இருக்கும் வரை குடும்பம் வாழும். பிரிந்தால் குடும்பம் அழியும். பிரிவைக் கேட்கும் ஆள் அந்த அழிவுக்குக் காரணமாவார். அந்த ஆள் பெண்ணாக இருந்துவிட்டால் வாசகருக்கு வேறு சான்று தேவைப்படாது. இந்தப் பழக்கத்தைத்தான் இக்கட்டுரை கேள்வி கேட்கிறது. அதை நமது ஊவா முஸ்லிம் குடும்பங்களின் காணிகளை முன்வைத்துக் கேட்பதுதான் எனக்கு இயலும்.

முதலில் நாகம்மாளுக்குரிய நியாயத்தை நாவலுக்குள்ளேயே தேடலாம். மணியக்காரருக்குச் சின்னப்பனோடு பகை. கெட்டியப்பன் ஊர்ச் சண்டியன், நாகம்மாளோடு தொடர்புள்ளவன். இவர்களுடைய பேச்சு அவளை உசுப்பியது என்பது உண்மை. ஆனால் இன்னொரு விடயமும் நாவலில் நடக்கிறது. சின்னப்பனின் மனைவி ராமாயியின் தாய், காணியை விற்றுவிட்டுத் தன்னுடைய ஊருக்கு வந்துவிடும்படி மகளையும் மருமகனையும் கேட்கிறாள். அவர்கள் விற்றுவிட்டுப் போனால் நாகம்மாள் எங்கே போவாள்? அவளுடைய பிள்ளை எங்கே போகும்? இந்தக் கேள்வி நாவலுக்குள் இருந்தும் நாவலாசிரியர் அதை அவளுடைய வாயில் நிறுத்தி வைக்கவில்லை. அவளுக்குக் கோபம் கொடுத்திருக்கிறார், ஆசை கொடுத்திருக்கிறார், ஊரை அலட்சியமாகப் பார்க்கும் நடையைக் கொடுத்திருக்கிறார். கணக்கைக் கொடுக்கவில்லை. காணியின் மீதுள்ள பற்று முழுவதும் சின்னப்பன் பக்கம் போய்விடுகிறது. அந்த மண்ணில் எத்தனை வருடம் களை பிடுங்கியிருப்பாள் அவள்!

நாவல் வந்த வருடத்தைக் கவனியுங்கள். அந்தக் காலத்து இந்துக் கூட்டுக்குடும்பத்தில் ஓர் ஆண் மகனில்லாமல் இறந்தால் அவனது பங்கு எஞ்சியிருக்கும் ஆண்களிடம் போய்ச் சேரும். விதவைக்குக் கிடைப்பது சோறும் துணியும். 1937 இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கணவனின் பங்கை, அவள் உயிரோடு இருக்கும் வரைக்குமாவது, விதவைக்குக் கொடுத்தது. ஆனால் 1941 இல் இந்தியக் கூட்டாட்சி நீதிமன்றம், அந்தச் சட்டம் மாகாணங்களில் உள்ள விவசாயக் காணிக்குச் செல்லாது என்று சொல்லிவிட்டது. சென்னை மாகாணம் விவசாயக் காணியையும் சேர்த்துச் சட்டத்தை விரித்தது 1947 இல்தான். ஆகவே நாகம்மாள் பங்கு கேட்கும்போது அவளுக்கு வீட்டில், பாத்திரத்தில், மாட்டில் ஏதோ உரிமை வந்திருந்தது, காணியில் மட்டும் இல்லை. அவள் கெட்டியப்பனையும் மணியக்காரரையும் நம்பினாள் என்று குறை சொல்கிறோம். அவள் நம்பிப் போகக்கூடிய நீதிமன்றம் எது?

இதை வாசித்து "நமது மார்க்கத்தில் அப்படி இல்லை" என்று யாராவது திருப்திப்பட முன் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே 1937 இல் இந்திய முஸ்லிம்களுக்கு வந்த ஷரீஅத் சட்டமும் விவசாயக் காணியை விலக்கித்தான் எழுதப்பட்டது. சென்னையில் அந்த விலக்கு நீங்கியது 1949 இல். வயல் என்று வந்ததும் இரண்டு சமூகத்தின் ஆண்களும், அவர்களுக்குச் சட்டம் எழுதிய ஆட்சியாளரும், ஒரே வரப்பில் நின்றிருக்கிறார்கள்.

இலங்கையில் அந்தச் சிக்கல் இல்லை. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க முஸ்லிம்களின் வாரிசுரிமைக் கட்டளைச் சட்டம், மரண சாசனம் இல்லாமல் இறந்தவரின் சொத்தை அவரவர் மத்ஹபின்படி பிரிக்கச் சொல்கிறது. வயல் என்று விலக்கு எதுவும் இல்லை. அப்படியானால் நாகம்மாளின் காணியை நமது ஃபராயிள் கணக்கில் போட்டுப் பார்க்கலாம். காணி சகோதரர் இருவருக்கும் சரிபாதி, பெற்றோர் உயிரோடு இல்லை, வேறு சகோதரர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முழுக் காணியும் 16 பங்கு. இறந்த அண்ணனுக்கு 8. அதில் எட்டில் ஒன்று மனைவிக்கு, அதாவது 1 பங்கு. ஒரே மகளுக்குப் பாதி, 4 பங்கு. மிச்சம் 3 பங்கு அஸபாவாகத் தம்பிக்கு. சின்னப்பனுக்கு ஏற்கனவே உள்ள 8 உடன் 11 பங்கு. தாய்க்கும் மகளுக்கும் சேர்த்து 5.

இந்தக் கணக்கில் எனக்கு முக்கியமாகப் படுவது நாகம்மாளுடைய ஒரு பங்கு அல்ல, பிள்ளையின் நான்கு. பங்கு கேட்கும் சண்டையின் உண்மையான உரிமைக்காரி அந்தச் சிறுமி. நாவலில் அவள் இடுப்பிலும் திண்ணையிலும் இருக்கும் ஒரு குழந்தை மட்டும்தான். விமர்சகர்களும் அவளைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' (1976) இன்னும் நீண்ட காலத்தைச் சொல்வது. ஆந்திரப் பகுதியிலிருந்து தப்பி வந்தவர்கள் கரிசல் பூமியில் காட்டை அழித்துக் காணியாக்கிக் குடியேறிய கதை. அவர்களை ஓடவைத்தவர் ஒரு முஸ்லிம் அரசர் என்பது கதையின் தொடக்கம். வாசிக்கும்போது நமக்கு ஓர் இடறல் வரும், வராமல் இருக்காது. இடம்பெயர்ந்த சாதிகளின் வாய்மொழிக் கதைகள் பலவற்றில் இப்படி ஓர் அரசர் வருவார். அதற்காக நாவலை மூடிவைத்தால் இழப்பு நமக்குத்தான். நான் பார்க்க விரும்புவது வேறு இடத்தை. அந்த முழு இடப்பெயர்வையும், காடு வயலான கதையையும் ஞாபகத்தில் வைத்திருந்து சொல்பவள் நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள். காணியை வைத்திருப்பவர்கள் கோட்டையார் வீட்டு ஆண்கள். பெண்ணிடம் கதை, ஆணிடம் காணி. கி.ரா. இதை விமர்சனமாக எழுதவில்லை, அவருக்குத் தெரிந்த உலகம் அப்படி இருந்தது. ஆனால் அந்தப் பூட்டி அவ்வளவு கதையும் சொல்லி முடித்து, தன்னுடைய காணி எது என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நாவல் எங்கே திரும்பியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

தோப்பில் முஹம்மது மீரானின் 'சாய்வு நாற்காலி'யை நமது வாசகர்கள் அறிவார்கள். 1997 இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது. முன்னோர் சேர்த்ததை முஸ்தபாக்கண்ணு நாற்காலியில் சாய்ந்தபடியே விற்றுத் தின்னும் கதை. பிரிக்காமல் வைத்திருந்த சொத்தும் அழியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தமிழில் இல்லை. ஒற்றை ஆணின் கையில் முழுவதும் இருந்தது, அதனாலேயே முழுவதும் போனது. 'நாகம்மாள்' வாசித்த கையோடு இதையும் வாசிப்பது நல்லது.

இனி எங்கள் ஊர்ப் பக்கம்.

வெலிமடை, குருத்தலாவை, பொரலந்தை, கெப்பெட்டிபொல. நுவரெலியாவுக்கும் பதுளைக்கும் இடைப்பட்ட இந்த மேட்டில் உமா ஓயாவும் அதன் கிளைகளும் ஓடும் பள்ளங்களில் வயல், மேலே மரக்கறித் தோட்டம், அதற்கும் மேலே தேயிலை. ஊவா முஸ்லிம்களைப் பற்றி எழுதுபவர்கள் தவளத்தில் தொடங்குவார்கள். பொதிமாடுகளில் உப்பையும் கருவாட்டையும் மேலே கொண்டுவந்து பாக்கைக் கீழே கொண்டுபோன வியாபாரிகள் என்று. பிறகு 1817, ஹஜ்ஜி முகாந்திரம், கலகம். பிறகு கடைகள், பள்ளிவாசல், பாடசாலை, முதல் பட்டதாரி. ஊர் வரலாற்று நூல்களின் பொருளடக்கத்தை விரித்துப் பாருங்கள். கடைத்தெரு பக்கம் பக்கமாக இருக்கும். வயல் ஒரு பந்தி. நாங்கள் வியாபார சமூகம் என்ற பேச்சு பிறர் நம்மீது ஒட்டியது மட்டும் அல்ல, நாமும் விரும்பி ஒட்டிக்கொண்டது. ஆனால் வெலிமடைப் பக்கம் அதிகாலையில் மண்வெட்டியும் தெளிகருவியுமாகப் போகும் முஸ்லிம் ஆண்களும், கிழங்கு தோண்டும் நாளில் சாக்கோடு நிற்கும் முஸ்லிம் பெண்களும் எந்த வரலாற்றில் வருகிறார்கள்? கிழக்கில் ஆர்.எம். நௌஷாத் 'நட்டுமை' எழுதினார். மலையக இலக்கியம் தேயிலைக்குள் வாழ்ந்தும் ஒரு பிடி மண் சொந்தமில்லாதவர்களின் கதையைக் கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' காலம் தொட்டு எழுதி வந்திருக்கிறது. லயத்துக்கும் கடைத்தெருவுக்கும் இடையில் இருக்கும் எங்களது சிறு காணிகளை எழுத இன்னும் ஒருவர் வரவில்லை.

எழுத விடயம் இல்லாமலா? எங்களுடைய காணியையே சொல்கிறேன். பூட்டன் வியாபாரத்தில் கிடைத்த காசில் வாங்கினார். மூத்தாப்பா காலத்தில் பெரும்போகத்தில் நெல், மற்ற நேரம் போஞ்சியும் கறிமிளகாயும். அறுபதுகளின் பிற்பகுதியில் அரசு உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும் இந்த மேட்டு நிலத்தின் தலையெழுத்தே மாறியது. பெரும்போகத்தில் நெல் விளைந்த அதே வயலில் சிறுபோகத்தில் பாத்தி உயர்த்திக் கிழங்கு. வாப்பாவின் காலம் முழுவதும் கிழங்குக் காலம். விதைக் கிழங்கு வாங்கக் கடன், கருகல் நோய்க்கு மருந்தடிக்கக் கடன், தோண்டி விற்றதும் கடனை அடைத்து மிச்சத்தில் ஓர் அறை கட்டுவது. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் இறக்குமதி மறுபடி திறந்துவிடப்பட்டபோது தோண்டிய கூலிக்கே காணாத விலை. 2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை வந்து, அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. அந்த ஏழு மாதத்துக்கு இங்குள்ள தோட்டங்கள் கொடுத்த விலை வேறு கதை. ஒரு நாவலுக்கு இது போதும். இரண்டு நாவலுக்கும் போதும்.

ஆனால் இந்தக் கதையை நான் மேலே சொன்ன விதத்தைப் பாருங்கள். பூட்டன், மூத்தாப்பா, வாப்பா. இப்படித்தான் எல்லோரும் சொல்வோம். மூன்று தலைமுறையில் ஒரு பெண்கூட இல்லை. கணக்கோ வேறு மாதிரிச் சொல்லும். ஒருவர் 1 ஏக்கர் 3 ரூட் 8 பேர்ச் விட்டு மௌத்தாகிறார் என்று வைப்போம். மொத்தம் 288 பேர்ச். (கணக்கு நேராக வருவதற்காக இந்த அளவு. ஆசிரியர் புத்தி.) மனைவி, மூன்று ஆண், மூன்று பெண். மனைவிக்கு எட்டில் ஒன்று, 36 பேர்ச். மிச்சம் 252 ஒன்பது பங்காகி, மகள் ஒவ்வொருவருக்கும் 28, மகன் ஒவ்வொருவருக்கும் 56. ஆக 288 இல் பெண்களின் கையில் 120 பேர்ச் இருக்கவேண்டும், பத்தில் நான்குக்கும் மேல். அடுத்த தலைமுறையில் ஒரு மகனின் 56 ஐ எடுங்கள். மனைவி, இரண்டு ஆண், மூன்று பெண் என்றால் மனைவிக்கு 7, மகளுக்கு 7, மகனுக்கு 14. தோட்டத் தொழிலாளருக்குத் தனிவீடு கட்டக் கொடுத்துவந்த காணியின் அளவும் 7 பேர்ச்தான். இரண்டே தலைமுறையில், உரிமை சரியாகப் பிரிந்தால், நிலவுடைமைக்காரரின் பேத்தியும் லயத்துப் பிள்ளையும் ஒரே அளவு மண்ணில் வந்து நிற்பார்கள்.

ஊரில் அந்த 120 பேர்ச் எங்கே? பெரும்பாலும் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு எனது மாமி ஒரு பதில் வைத்திருந்தார். வாப்பாவின் கூடப்பிறந்தவர், கல்யாணம் முடித்துப் பதுளைக்குப் போனவர். காணி உறுதி பற்றி ஒருநாள் கேட்டேன்.

"காணியக் கேட்டு எடுத்தா காணி மட்டுந்தான் மகள் மிஞ்சும். கேக்காம உட்டா வரப்போக வாப்பாட ஊடாச்சும் இருக்கும்."

இந்த இரண்டு வசனத்தில் இருக்கும் பேரத்தை எந்தத் தமிழ் நாவலும் இதுவரை எழுதவில்லை. மாமி ஏமாளி அல்ல, தனது 28 பேர்ச்சுக்கு என்ன விலை என்று நன்றாகத் தெரிந்தவர். அதைக் கொடுத்து நானாமாரின் வாசலை வாங்கிக்கொண்டார். பிள்ளைப்பேற்றுக்கு, பெருநாளுக்கு, கணவர் நோயில் விழுந்த மாதங்களுக்கு அந்த வாசல் தேவைப்பட்டது. நாகம்மாளோ விதவையாகக் கணவன் வீட்டிலேயே இருப்பவள், கேட்டால் மூடிப்போகும் வாசல் அவளுக்கு இல்லை. அவள் வாய்விட்டுக் கேட்டதும் என் மாமி கேட்காமல் விட்டதும் குணத்தால் வந்த வித்தியாசமா? அவரவர் எந்த வீட்டில் இருந்துகொண்டு கேட்கவேண்டும் என்பதால் வந்தது என்றே நினைக்கிறேன். 'நாகம்மாள்' நாவலின் நாயகி அடங்காதவள் என்று எழுதுவதை நிறுத்துவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

"சீதனம் குடுத்தாச்சே" என்பது இன்னொரு பதில். எங்கள் பக்கத்துச் சிங்கள அயலவர்கள் கண்டியச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள். அதில் தீக விவாகம் செய்து கணவன் வீட்டுக்குப் போகும் மகள் தந்தைவழிக் காணியில் உரிமையை இழப்பாள், பின்ன விவாகம் செய்து தந்தை வீட்டிலேயே இருப்பவளுக்கு உரிமை இருக்கும். 1938 இன் 39 ஆம் இலக்கச் சட்டத்திலும் இந்த வேறுபாடு இருக்கிறது. நாம் வாயால் ஃபராயிள் சொல்கிறோம். காணி விடயத்தில் கையால் செய்வது தீகத்தைப் போல இருக்கிறது. சீதனம் என்ற பெயரில் கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குப் போனதை, வாப்பா மௌத்தான அன்று மகளுக்கு விழும் பங்கிலிருந்து கழித்துவிடுகிறோம். எந்தக் கிதாபில் அப்படிக் கழித்தல் இருக்கிறது? சூரத்துன் நிஸாவின் 7 ஆம் வசனம் விட்டுச்சென்றது கொஞ்சமானாலும் கூடவானாலும் பெண்ணுக்குப் பங்கு உண்டு என்ற கருத்தைச் சொல்கிறது. 11 ஆம் வசனம் அளவையே சொல்லிவிடுகிறது. மௌலவிமார் ஜும்ஆவில் வட்டியைப் பற்றி வருடத்துக்குப் பல தடவை பேசுகிறார்கள். இதையும் கிழங்கு தோண்டும் காலத்தில் ஒரு தடவை பேசலாம்.

ஆண்களின் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை ஒதுக்கிவிட முடியாது. கருகலில் போன போகத்துக்கும், விலை விழுந்த போகத்துக்கும், 2021 க்கும் வங்கிக் கடனில் கையெழுத்து வைத்தவர்கள் அவர்கள். "நட்டத்துல பங்கு கேக்க யாரும் வரல்ல" என்று எனது சாச்சா சொல்வது சரி. அடுத்தது, 7 பேர்ச்சில் என்ன கிழங்கு போடுவது? துண்டு துண்டாகிப் போனால் காணியே வீட்டு மனையாகிவிடும் என்ற பயம். பெருமாள்முருகனின் 'ஏறுவெயில்' (1991) வாசித்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். அதில் வீட்டு வசதிக் காலனிக்காகக் காணி போனபின் ஒரு விவசாயக் குடும்பம் உதிர்ந்து போகிறது.

ஆனால் பங்கு கொடுப்பதற்கு வேலி போடவேண்டும் என்று யார் சொன்னது? மலைநாட்டில் தட்டுமாறு என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. பிரிபடாத வயலை உரிமைக்காரர்கள் வருடத்துக்கு வருடம் முறை வைத்துச் செய்வார்கள். அந்தே என்றால் செய்பவன் ஒருவன், காணிக்காரன் ஒருவன், விளைச்சல் இருவருக்கும். 1958 இன் நெற்காணிச் சட்டம் காணிக்காரனின் பங்கைக் கால்வாசி அளவுக்குக் கட்டுப்படுத்தியது, அது உழைப்பவனுக்கான நீதி. இந்த வழக்கங்களெல்லாம் எங்கள் ஆண்களுக்குத் தெரியாதவை அல்ல. சகோதரர்கள் தங்களுக்குள் முறை வைத்துச் செய்கிறார்கள், அயலானின் வயலை அந்தேக்கு எடுத்து ஒழுங்காகக் கணக்கும் கொடுக்கிறார்கள். அயலானுக்குக் கொடுக்கும் அதே கால்வாசியை, செலவு கழித்து, 28 பேர்ச்சுக்குரிய அளவில், தங்கைக்கு ஒரு சாக்குக் கிழங்காகவாவது அனுப்பினால் காணி துண்டாகாது, சாச்சாவின் உழைப்பும் கணக்கில் வரும். ஆகவே காணி துண்டாகிவிடும் என்பது முழுப் பதில் அல்ல.

அரசாங்கக் காணி வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். 1935 இன் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேர்மிட் அல்லது அளிப்புப் பத்திரத்தில் கிடைத்த காணிக்கு ஃபராயிள் ஓடாது. உரிமையாளர் பெயர் குறித்த பின்னுரித்தாளிக்குப் போகும். பெயர் குறிக்காவிட்டால் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி மகளுக்கு முன் மகன் என்றுதான் எண்பது வருடத்துக்கு மேல் இருந்தது. 2022 திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. இதைத் தெரியாமல், ஷரீஅத் இருக்கிறதே என்று நம்பிப் பேசாமல் இருந்த குடும்பங்கள் எங்கள் பக்கம் பல. பெயர் குறிக்க இன்னும் அவகாசம் உள்ளவர்கள் பிரதேச செயலகத்துக்கு ஒரு நடை போவது நல்லது.

எழுத வரப்போகும் அந்த ஊவா நாவலாசிரியருக்கு, ஆணோ பெண்ணோ, ஒரு வாசகியாக நான் கேட்பது ஒன்று. வாய்க்கதையோடு உறுதியையும் வாசியுங்கள். உறுதி வரண்ட எழுத்து என்று நினைக்கிறோம். ஒரு குடும்பத்தின் அடி உறுதியிலிருந்து வரிசையாக அடுக்கிப் பார்த்தால் அதைப்போலக் கதை சொல்லும் எழுத்து குறைவு. எல்லை சொல்லும் அட்டவணையில் வடக்கே இன்னாரின் வயல், கிழக்கே ஏல, தெற்கே ஒரு பலா மரம் என்று வரும். அடுத்த உறுதியில் பலா மரம் போய்க் கொங்கிறீட் தூண் வரும். இன்னார் போய் இன்னாரின் வாரிசுகள் வருவார்கள். பெண்களின் பெயர்கள் முழுவதுமாக, தந்தை பெயரோடு, ஒரே ஓர் இடத்தில் தோன்றும். அது நன்கொடை உறுதி. சகோதரன் மீதுள்ள அன்பையும் பற்றையும் கருதி, தன்னுடைய பிரிபடாத பங்கை அவனுக்கு வழங்குவதாக நொத்தாரிசு எழுதிய வாய்பாட்டு நடை. கீழே கையொப்பம், பழைய உறுதி என்றால் பெருவிரல் அடையாளம். அதற்கு அடுத்த உறுதியிலிருந்து அவள் இல்லை. ஊவாவில் ஒரு முஸ்லிம் பெண்ணுக்குக் காணி சொந்தமாக இருந்தது என்பதற்கான ஒரே எழுத்துச் சான்று, அவள் அதைக் கொடுத்துவிட்ட பத்திரம்தான். "அன்பையும் பற்றையும் கருதி" என்ற அந்தத் தொடருக்குப் பின்னால் என் மாமியின் இரண்டு வசனமும் இருக்கிறது. நாவலாசிரியரின் வேலை அங்கே தொடங்குகிறது.

சண்முகசுந்தரத்துக்குப் பெரிய மரியாதை என்னிடம் உண்டு. 1942 இல், அதுவும் ஒரு சிறிய நாவலில், பங்கு கேட்கும் பெண்ணை நடுவில் நிறுத்தி அவளுடைய பெயரையே நூலுக்கும் வைத்தார். அவளை நல்லவளாக்கி நம்மிடம் அனுதாபம் வாங்க முயலவில்லை. அந்தத் துணிவு பின்னால் வந்த பலரிடம் இல்லை. குறை என்று நான் சொல்வது, அவர் குழந்தையை விட்டுவிட்டதைத்தான். அந்தச் சிறுமிக்கு நாவல் வந்த வருடம் ஏழெட்டு வயது என்று வைத்துக்கொண்டால், 1956 இல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வரும்போது அவளுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது. 1989 இல் தமிழ்நாடு மகள்மாருக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தபோது ஐம்பத்தைந்தை நெருங்கியிருப்பாள். ஆனால் அந்தத் திருத்தம் அதற்கு முன் கல்யாணம் முடித்த மகள்களை விலக்கியது. 2005 இல் இந்தியா முழுவதற்கும் அந்த விலக்கு இல்லாமல் சட்டம் வந்தபோது எழுபது. எது வந்திருந்தாலும் அவளுடைய தந்தையின் பங்கு அவளுக்குத் திரும்பக் கிடைத்திருக்காது. அவர் இவை எல்லாவற்றுக்கும் முன்பே இறந்தவர். அந்தப் பாதி, அவர் இறந்த அன்றே தம்பியிடம் போய்விட்டது.